மேடையா, மேய்ச்சலா? கோலி நாய் நமக்குச் சொல்வது

நாட்டு மாட்டுக் கண்காட்சி, நாட்டு நாய்க் கண்காட்சி, சேவல் கண்காட்சி என்று இப்போது அடிக்கடி நோட்டீஸ் பார்க்கிறோம். "நாட்டு மாட்டை வெச்சு என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகளே இன்றைக்குக் காங்கேயம் காளையைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, சலங்கை கட்டி மேடைக்கு ஓட்டி வருகிறார்கள். சந்தோசமான விசயம்தான். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கு. மேடையில் பரிசு வாங்குகிற மாடும் காட்டில் பாடுபடுகிற மாடும் ஒரே மாடாக எத்தனை தலைமுறைக்கு இருக்கும்? பரிசுக்காகவே வளர்க்க ஆரம்பித்தால் இனம் அப்படியே நிற்குமா, உள்ளுக்குள் மாறிப்போகுமா? இதற்குப் பதில் தேடி நாம் ஐம்பது வருசம் காத்திருக்க வேண்டியதில்லை. வேறொரு நாட்டில், வேறொரு கால்நடைக் கூட்டத்தில் இது நடந்து முடிந்து, எழுத்திலும் பதிவாகி இருக்கிறது. அதுதான் கோலி நாயின் கதை. குடும்பம் குடும்பமாக, அப்பனுக்குப் பின் மகன், தாய்க்குப் பின் மகள் என்று வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோன நாய் அது.

மலையில் பிறந்த நாய்

நீண்ட மூஞ்சி, கழுத்தைச் சுற்றிப் பிடரி மாதிரி அடர்ந்த முடி. 'லாஸி' படம் பார்த்தவர்களுக்குக் கோலி என்றால் அந்த உருவம்தான் ஞாபகம் வரும். அதன் பூர்வீகம் ஸ்காட்லாந்தின் மலைகளும் அதை ஒட்டிய வட இங்கிலாந்தும். மழையும் குளிர்காற்றும் ஓயாத மேய்ச்சல் பூமி. அங்கே செம்மறிதான் பிழைப்பு.

நம்ம ஊர்க் கிடை நாய்க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம கிடை நாய் காவல் நாய். ராத்திரியில் பட்டியைச் சுற்றிப் படுத்துக்கொண்டு நரியையும் திருடனையும் அண்ட விடாது. ஆட்டை ஓட்டுவதும் மடக்குவதும் கீதாரியின் குரலும் கையில் இருக்கும் கம்பும்தான். கோலி ஓட்டுகிற நாய். மேய்ப்பர் அடிவாரத்தில் நின்று சீட்டி அடிப்பார். நாய் மலைச்சரிவில் பெரிய வளைவாக ஓடி, சிதறிக் கிடக்கிற ஆடுகளுக்குப் பின்னால் போய் நின்று, கடிக்காமல் மிரட்டாமல் அத்தனையையும் திரட்டி அவர் காலடிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு சீட்டிக்கு இடம் சுற்றும், இன்னொன்றுக்கு வலம் சுற்றும், மற்றொன்றுக்கு அப்படியே படுத்துக்கொள்ளும். ஒரு ஆளும் ஒரு நாயும் நூற்றுக்கணக்கான ஆடுகளைக் கட்டி மேய்த்துவிடலாம். வேலியில்லாத அந்த மலைகளில் நாய் இல்லாமல் ஆடு வளர்த்தால் கட்டுப்படியே ஆகாது.

அந்தக் காலத்தில் 'இனம்' என்று தனிப் பெயர்ப்பலகை எதுவும் மாட்டவில்லை. முடி நீண்டதும் குட்டையானதும், கருப்பு வெள்ளையும், செம்பழுப்பும், நீலச் சாம்பலில் கரும்புள்ளி தெளித்ததும் எல்லாம் ஒரே கூட்டத்தில் இருந்தன. பக்கத்துப் பண்ணையில் குட்டி வாங்கப் போகிற மேய்ப்பர் நிறத்தைக் கேட்கமாட்டார். "தாய் எப்படி வேலை செய்யும்? தகப்பன் எப்படி?" என்றுதான் கேட்பார். வேலைக்கு ஆகாத நாயிடம் யாரும் குட்டி எடுக்கமாட்டார்கள். இனத்தைக் கட்டிக் காத்த சட்டம் அவ்வளவுதான்.

ஒரே வருசம், இரண்டு அளவுகோல்

ரயில் வந்தது, பட்டணம் பெருத்தது, பட்டணத்துப் பணக்காரருக்குப் பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. விக்டோரியா அரசி ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகைக்குப் போய்வந்தபோது இந்த நாய்கள்மேல் ஆசைப்பட்டு வளர்க்க ஆரம்பித்தார். அரசி வளர்த்தால் ஊரே வளர்க்கும். 1860இல் பர்மிங்காம் நாய்க் கண்காட்சியில் 'ஸ்காட்லாந்து ஆட்டு நாய்' என்று தனிப் பிரிவே வைத்தார்கள்.

பிறகு 1873. அந்த ஒரே வருசத்தில் இரண்டு காரியம் நடந்தது. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. நாய் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிவைத்து, வம்சாவளி ஏட்டில் பதிந்து, கண்காட்சி நடத்தும் அமைப்பு அது. அதே வருசம் அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் ஒரு பண்ணையார் ஆட்டு நாய் வேலைப் போட்டி நடத்தினார். அங்கே முடியையும் மூஞ்சியையும் யாரும் பார்க்கவில்லை. நாய் ஆட்டை எப்படித் திரட்டிக் கொண்டுவந்து பட்டியில் அடைக்கிறது என்பதற்குத்தான் பரிசு.

ஒரே கூட்டத்து நாய்கள் இந்த இரண்டு அளவுகோலுக்கும் பிரிந்து போயின. பங்காளி இரண்டு பேர் ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஊருக்குக் குடிபோன மாதிரி. ஒன்று கண்காட்சிக் கோலி. மற்றது வேலைக் கோலி. பின்னால் 1915 வாக்கில் வேலைக் கோலிக்கு 'பார்டர் கோலி' என்று பெயர் வந்தது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைச் சீமை நாய் என்று அர்த்தம். இரண்டு வழியும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை இப்போது நாம் பார்க்கமுடியும்.

கண்காட்சிக் குடும்பங்கள்

முதலில் கண்காட்சி வழி. 1867இல் பிறந்த 'ஓல்ட் காக்கி' என்ற ஆண் நாயைத்தான் இன்றைய செம்பழுப்புக் கோலிகளின் மூதாதை என்கிறார்கள். அமெரிக்காவில் 1886இலேயே கோலிகளுக்குத் தனிச் சங்கம் வந்துவிட்டது. வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் நியூயார்க் பக்கத்தில் கோலிப் பண்ணை வைத்து, கடல் கடந்து நாய்களை வரவழைத்தார். 1929இல் நியூஜெர்சியின் பெல்ஹேவன் பண்ணையைச் சேர்ந்த, ஒன்பது மாதமே ஆன கோலி ஒன்று நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் எல்லா இனத்தையும் தாண்டி முதல் பரிசு வாங்கியது. ஆல்பர்ட் பேசன் டெர்ஹூன் என்ற எழுத்தாளர் தன் வீட்டு நாயைப் பற்றி 1919இல் எழுதிய 'லாட்' புத்தகத்தைப் படித்துவிட்டுக் கோலி வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அப்படி வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வழி நாய்களை வளர்த்து வருகிறார்கள்.

இந்தக் குடும்பங்களை ஏளனமாகப் பேசக்கூடாது. குட்டி போடும் ராத்திரியில் தாயோடு கண்விழித்து உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். ஏழு, எட்டுத் தலைமுறைக்குத் தாய் தகப்பன் பெயரை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மந்தை அழிந்துபோன நாடுகளிலும் அந்த நாயை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளை சீப்பைப் பிடித்து நாயின் முடியைக் கோதிவிட்டு, வளையத்துக்குள் ஓட்டிக் காட்டி, தோற்றால் அழாமல் திரும்பி வரக் கற்றுக்கொள்கிறது. பிள்ளைகளைக் கால்நடையோடு வளர்க்கவேண்டும் என்று நாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தானே?

சிக்கல் அன்பில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. நடுவருக்கு அந்த வளையத்துக்குள் தெரிவது முடியும் மூஞ்சியும் நடையும்தான். மலை தெரியாது, ஆடு தெரியாது. பார்க்க முடிந்ததற்குத்தானே அவர் மார்க் போடமுடியும்? போட்ட மார்க்குக்கு ஏற்ப அடுத்த குட்டி வரும். முடி இன்னும் அடர்ந்தது, மூஞ்சி இன்னும் நீண்டது, கண் சிறுத்தது. மலையில் மழையில் நனைந்து ஓடவேண்டிய நாய்க்கு அவ்வளவு முடி பாரம். கண்காட்சியில் அது அழகு.

ஒரு வேடிக்கையைப் பாருங்க. லாஸியாக நடித்த நாயின் பெயர் பால். அது ஆண் நாய், 1940இல் பிறந்தது. கண் பெரிசு, நெற்றியில் வெள்ளைக் கோடு. கண்காட்சித் தரம் இல்லை என்று சொல்லி, வீட்டில் சும்மா வளர்க்கிறவர்களுக்கான குட்டியாகத்தான் விற்றார்கள். 1943இல் அந்த நாய் நடித்த படம் வந்தபோது உலகமே கோலி என்றால் இதுதான் என்று ஏற்றுக்கொண்டது. அதைப் பழக்கிய வெதர்வாக்ஸ் குடும்பத்தில் பாலின் மகன், பேரன் என்று பின்வந்த படங்களிலும் தொடர்களிலும் அதே வழி நாய்களே லாஸியாக நடித்தன. அங்கே அவர்கள் நெற்றிக் கோட்டைப் பார்க்கவில்லை. சொன்னதைப் புரிந்துகொள்கிறதா, ஆற்றில் இறங்கு என்றால் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். மேடை கழித்துக்கட்டிய குட்டிதான் அந்த இனத்தின் பெயரையே தாங்கி நின்றது.

ஏட்டில் தெரியாத பழுது

முடியும் மூஞ்சியும் மாறினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். உள்ளே நடந்தது வேறு. இது ஆடு மாடு வைத்திருக்கிற நமக்கு ரொம்பப் பக்கத்து விசயம்.

குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் நம்ம ஊரில் சாதாரணமாகப் போடுகிற ஐவர்மெக்டின் மருந்து 1980களில் சந்தைக்கு வந்தது. அதைக் கொடுத்தபோது மற்ற நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோலிகள் மட்டும் தள்ளாடின, கண் தெரியாமல் தவித்தன, மயங்கி விழுந்தன, செத்தும் போயின. "கால் வெள்ளையாக இருந்தால் மருந்து போடாதே" என்று அங்கே கால்நடை மருத்துவர்களிடம் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது. காரணம் 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தெரிந்தது. மூளைக்குள் போகும் மருந்தை வெளியே தள்ளுகிற ஒரு மரபணு இந்த நாய்களில் பழுதாகி இருக்கிறது. அமெரிக்கக் கோலிகளில் பத்தில் ஏழு இந்தப் பழுதைச் சுமக்கின்றன. மருந்து போட்ட ஆடு மாட்டின் சாணத்தைத் தின்றே விசமேறுகிற நாய்களும் உண்டு. அந்த மருந்து சாணத்தோடு வெளியேறிச் சாணி வண்டின் புழுக்களையும் கொல்லும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். மண்ணில் எருவை இறக்கும் வண்டுக்கும் ஆகாது, கோலிக்கும் ஆகாது.

2004இல் வந்த ஒரு மரபணு ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது. இந்தப் பழுதைச் சுமக்கும் ஒன்பது இனங்களுக்கும் அது ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கிறது. 1873க்கு முன்னால் பிரிட்டனில் வாழ்ந்த ஒற்றை நாய். அதாவது மேடை இந்தப் பழுதை உண்டாக்கவில்லை. அது மந்தையிலேயே எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. ஆனால் அதே மந்தையிலிருந்து வந்த பார்டர் கோலியில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான நாய்களில்தான் அது இருக்கிறது. பங்காளிகளுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இதைப் பொலிகாளை வைத்திருக்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கண்காட்சியில் ஜெயித்த ஆண் நாயிடம்தான் எல்லோரும் குட்டி எடுக்க ஓடுவார்கள். நூறு வீட்டுக்குத் தகப்பன் ஒன்றே ஆகிவிடும். அதன் பிள்ளைகள் ஒன்றோடொன்று சேரும். வம்சாவளி ஏடு மூடிய ஏடு. தாயும் தகப்பனும் பதிவானால்தான் குட்டியைப் பதியலாம், வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லை. சின்னக் குட்டைக்குள் ஒரு துளி விழுந்தால் குட்டை முழுக்கப் பரவத்தானே செய்யும். கண்ணின் உட்படலம் சரியாக வளராமல் போகிற ஒரு பிறவிக்குறையும் இதே மாதிரி கோலிகளில் பரவியிருக்கிறது. அமெரிக்கக் கோலிகளில் பெரும்பான்மைக்கு இது உண்டு. நல்லவேளையாகப் பலவற்றுக்குப் பார்வை கெடுவதில்லை, சிலவற்றுக்குத்தான் கெடுகிறது. பார்டர் கோலிகளில் இது கொஞ்சம்தான். மலைமேல் இருக்கும் ஆட்டைப் பார்க்கமுடியாத நாயிடம் மேய்ப்பர் குட்டி எடுப்பாரா?

நிறத்தின் கதை இன்னும் வருத்தமானது. நீலச் சாம்பலில் கரும்புள்ளி தெளித்த நிறத்தை மெர்ல் என்கிறார்கள். பார்க்க அழகுதான். தாய் தகப்பன் இரண்டும் மெர்லாக இருந்தால் நாலில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரட்டையாக வாங்கிப் பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். அவற்றில் பல செவிடு, பல குருடு. தெரிந்தும் அப்படிச் சேர்க்கை செய்தவர்கள் உண்டு. இரட்டையாக வாங்கிய ஆணை வேறு நிறத்துப் பெண்ணோடு சேர்த்தால் குட்டி அத்தனையும் கண்காட்சி நிறத்தில் பிறக்குமே என்ற கணக்கு. ஒரு ரிப்பனுக்காகக் கண்ணில்லாத குட்டியைப் பிறக்க வைப்பதை எந்த மரபு என்று சொல்வது?

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பழுதுகளைக் களைய இன்று பாடுபடுவதும் கண்காட்சிக் குடும்பங்களில் பலர்தான். ஆறு முதல் எட்டு வாரக் குட்டிகளைக் கண் மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். காலம் தாழ்த்தினால் அந்தக் குறை வெளியே தெரியாமல் மறைந்துகொள்ளும் என்பதை அனுபவத்தில் கற்றவர்கள். மரபணுப் பரிசோதனை செய்து, முடிவை மறைக்காமல் ஏட்டில் எழுதுகிறார்கள். தாத்தா எழுதிவைத்த ஏடு இருப்பதால்தான் பேரன் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

மேய்ப்பர் குடும்பங்கள்

மற்ற வழிக்கு வருவோம். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவர் இருந்தார். அவரிடம் ராய் என்ற ஆண் நாய், மெக் என்ற பெண் நாய். ராய் தாராளமாக ஓடி வேலை செய்யும், ஆட்டை முறைத்து நிறுத்துகிற பார்வை குறைவு. மெக் கூச்ச சுபாவம், ஆனால் பார்வை அபாரம். ஆட்டை முறைத்தபடி தானே உறைந்து நின்றுவிடும் அளவுக்குப் பார்வை. இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் குறையுள்ள நாய்கள். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் என்று கணக்குப் போட்டு இரண்டையும் சேர்த்தார் டெல்ஃபர். 1893இல் 'ஹெம்ப்' பிறந்தது. குரைக்காமல், பாயாமல், தலையைத் தாழ்த்திப் பதுங்கி, பார்வையாலேயே ஆட்டை நகர்த்துகிற நாய். எட்டு வருசம்தான் வாழ்ந்தது. இன்று உலகத்தில் இருக்கும் பார்டர் கோலிகளில் பெரும்பாலானவற்றின் வழி அதனிடம் போய் முடிகிறது. டெல்ஃபரின் பிள்ளைகளும் ஆட்டு நாய் வேலையில் பேர் வாங்கியவர்கள். அதுவும் குடும்ப மரபுதான்.

ஒரே நாயிடம் இவ்வளவு வழி போய் முடிவதும் ஆபத்துதானே என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபத்துதான். ஆனால் அவர்கள் இரண்டு கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஒன்று, ஒவ்வொரு தலைமுறையும் மலையில் வேலை செய்து காட்டவேண்டும். தகப்பன் பெயரைச் சொல்லி மகன் தப்பிக்க முடியாது. இரண்டு, 1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கத்தின் ஏடு திறந்த ஏடு. வம்சாவளியே தெரியாத நாயாக இருந்தாலும், வேலையில் தகுதி காட்டினால் பதிந்துகொள்வார்கள். புது ரத்தம் வர வாசல் உண்டு.

அமெரிக்காவில் 1995இல் பார்டர் கோலியையும் கண்காட்சி இனமாகச் சேர்த்தபோது எதிர்த்து நின்றவர்கள் அதை வைத்துப் பிழைத்த ஆட்டுப் பண்ணையாளர்கள்தான். "மூத்தவனுக்கு நடந்தது இளையவனுக்கும் நடக்கும்" என்ற பயம் அவர்களுக்கு. தங்கள் தனி ஏட்டை விடாமல் இன்றும் நடத்திவருகிறார்கள். பிரிட்டனில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே கண்காட்சியில் எத்தனை பரிசு வாங்கினாலும் பார்டர் கோலிக்கு 'கண்காட்சிச் சாம்பியன்' என்ற அரைப் பட்டம்தான். ஆட்டை ஓட்டிக் காட்டித் தேறினால்தான் முழுச் சாம்பியன். நம்ம ஊருக்கு நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது முக்கியமாக இந்த ஒரு விதியைத்தான்.

நம்ம பட்டிக்கு வருவோம்

2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்கள். 2020இல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனமாகப் பதிந்திருக்கிறது. நல்லது. அதே நேரத்தில் விலை ஏறியது. காட்டில் முயல் பின்னால் ஓடியும், தோட்டத்தில் காவல் கிடந்தும் உருவான நாய்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போகின்றன. ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு என்று ஒரே அச்சில் வார்க்கிறார்கள். உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும் நாய்களில் செவிடு சேர்ந்து வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விசயம். ராஜபாளையத்திலும் அது இருக்கிறது. காது கேட்காத நாய் எந்தத் தோட்டத்தைக் காக்கும்? நிறம் சேராத குட்டியை ஒதுக்கிவிட்டு, காது கேட்காத வெள்ளைக் குட்டியை வைத்துக்கொள்வது கோலிக்காரர்கள் போன பாதையேதான்.

மாட்டுக்கும் இதே கதைதான். காங்கேயம் மாட்டை உருவாக்கியது கொறங்காடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம், மழை குறைந்த பூமி. அந்தக் காய்ந்த புல்லைத் தின்று, தூரத் தண்ணி குடித்து, பாரவண்டி இழுத்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் மாதிரிப் பெரிய இடங்களும், பேர் தெரியாத எத்தனையோ குடியானவக் குடும்பங்களும் தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பொலிகாளை தேர்ந்தார்கள். மயிலை, பிள்ளை, செவலை, காரி எல்லாம் ஒரே கட்டுத்தறியில் நின்றன. கண்ணபுரம் சந்தைக்கோ அந்தியூர் சந்தைக்கோ போனவர் கொம்பையும் சுழியையும் பார்த்தார்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், நுகம் வைத்துப் பார்த்தார். சந்தைக்குள்ளேயே வேலைச் சோதனையும் இருந்தது. இன்றைய மேடையில் நுகம் எங்கே இருக்கு?

"டிராக்டர் வந்தாச்சு. காளைக்கு வேலை ஏதுங்க? மேடையாவது இருக்கட்டுமே" என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேடை இல்லாவிட்டால் சில கன்றுகள் நேரே அடிமாட்டு வண்டிக்குப் போயிருக்கும். ஆனால் வேலை இல்லாத இனத்தை மேடை எத்தனை காலம் தாங்கும்? மோஸ்தர் மாறினால் விலை விழும், விலை விழுந்தால் கட்டுத்தறி காலியாகும்.

வேலை கொடுக்கக்கூடிய இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது இயற்கை விவசாயியின் காடுதான். மஞ்சளிலும் கரும்பிலும் இடை உழவு, மரச்செக்கு, எரு ஓட்டும் வண்டி, ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் சாணமும் கோமியமும், தோட்டத்துக் காவல், மயிலையும் பன்றியையும் விரட்டக் குரல் கொடுக்கும் நாய். நம்மைத் தவிர இந்த வேலையை யார் கொடுக்கப்போகிறார்கள்? மாப்பிள்ளைச் சம்பாவை விதைத் திருவிழாவில் கண்ணாடிப் பாட்டிலில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டால் அது பிழைத்துவிடாது, வருசா வருசம் வயலில் விதைக்கவேண்டும் என்று நாமேதான் சொல்கிறோம். மாட்டுக்கும் நாய்க்கும் அது பொருந்தாதா?

செய்யக்கூடியவை

பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். கண்காட்சி நடத்துகிற நம்ம நண்பர்கள் மனசு வைத்தால் போதும்.

முதல் பரிசுக்கு வேலைச் சோதனை கட்டாயம் ஆகட்டும். காளை என்றால் ஏரோ வண்டியோ இழுத்துக் காட்டட்டும். பொலிகாளை என்றால் அதன் கன்றுகள் இரண்டு மூன்றையாவது கூடவே கொண்டுவரட்டும். பசு என்றால் எத்தனை ஈத்து, இரண்டு ஈத்துக்கு நடுவே எத்தனை மாதம், அடர்தீவனம் எவ்வளவு என்பதைச் சொல்லட்டும். நாய் என்றால் காவலும் காதும் கண்ணும் சோதிக்கப்படட்டும். அழகுக்குத் தனிப் பரிசு கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அரைப் பட்டம்தான்.

ஜெயித்த ஒரே காளைக்கு ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்காதீங்க. பக்கத்து நாலு ஊருக்குள் உறவு கலக்காத பொலிகாளைகள் மூன்று நான்காவது இருக்கும்படி பேசி வைத்துக்கொள்ளலாம். ஊசிக்கு நாட்டுமாட்டு விந்து கேட்கிறவர்களும் எந்தக் காளையுடையது என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும்.

நிறத்துக்காகக் கன்றையோ குட்டியையோ கழிக்கவேண்டாம். செவலையும் காரியும் இனத்தின் சேமிப்பு. நாளைக்கு ஒரு நோய் வந்தால், ஒரு பஞ்சம் வந்தால், எந்த நிறத்துக்குள் தாங்கும் குணம் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக, வீட்டுக்கு ஒரு நோட்டு. தாய் யார், தகப்பன் யார், எப்போது பிறந்தது என்பதோடு குறையையும் எழுதுங்க. கன்று ஊட்டவிடாத பசு, கோபக்கார மாடு, செவிட்டுக் குட்டி, எதையும் மறைக்காமல் எழுதுங்க. விற்கும்போது அந்தப் பக்கத்தை வாங்குகிறவருக்குக் காட்டுங்க. கோலிக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய நல்ல பழக்கம் இது. அவர்களுக்கு அது பின்னால்தான் கைகொடுத்தது. நமக்கு ஆரம்பத்திலேயே கைகொடுக்கும்.

குடும்ப மரபு என்று பெருமைப்படுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. தாத்தா வைத்திருந்த மாட்டின் நிறத்தையும் கொம்பையும் மட்டும் பார்த்து அதே மாதிரி மாடு வைத்திருந்தால் பாதிதான் வந்திருக்கிறது. அவர் எதைப் பார்த்து அந்த மாட்டைத் தேர்ந்தார் என்பது மீதிப் பாதி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்க. எந்த மாட்டை ஏன் விற்றார்கள், எந்தக் கிடேரியை ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்க. அவர்கள் போன பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது நடுவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்க: "இந்த மாடு என்ன வேலை செய்யுமுங்க?" நாலு பேர் கேட்டால், அடுத்த வருசம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நுகத்தடியும் வரும்.